ஆத்துக்கு அங்கால ஆறு மாசம்

27 பெப்ரவரி, செவ்வாய்

கடிதம் வந்திட்டுது. ரெண்டு வருசமாக் காத்திருந்து, இனி எங்க வரப்போகுதெண்டு நான் கைகழுவிவிட்ட நேரத்தில வந்திருக்கு. மார்ச் பதினாலு பின்னேரம் ஊர்ச்சபைக் கந்தோரில எங்கட குடியுரிமை நேர்முகம். நானும் மகள் தர்மிகாவும் ரெண்டு பேரும் வரவேணுமாம்.

விண்ணப்பம் போட்டது இவர். மூண்டு பேருக்கும் சேர்த்து, கடதாசி கடதாசியாய்ப் பொறுக்கி அடுக்கிக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்து, "இனி நாங்களும் சுவிஸ்காரர்தான் தவமலர், ஒரு நல்ல தேத்தண்ணி போடும்" எண்டவர். அந்த வருசம் ஒக்டோபரில ஆள் போயிட்டார். கடிதத்தில இப்ப ரெண்டு பேரின்ர பேர்தான் கிடக்கு.

தர்மிகா வாசிச்சுப்போட்டு குசினிக்குள்ள வைச்சு என்னை அப்பிடியே தூக்கினாள். பதினெட்டு வயசு, என்னைவிட ஒரு முழம் உயரம். பொலிஸ் பள்ளிக்கூடத்தில அவளுக்கு இடம் குடுத்தாச்சு. எழுத்துச் சோதினை, ஓட்டம், நீச்சல் எல்லாம் பாஸ். வாற வருசம் மார்ச்சில தொடங்குது. நிபந்தனை ஒண்டே ஒண்டு: இந்த வருசக் கடைசிக்குள்ள சுவிஸ் பாஸ்போட் கையில இருக்கவேணும். இல்லாட்டி இடம் அடுத்த ஆளுக்கு.

பொலிஸ் எண்டு முதல் முதல் அவள் சொன்ன அண்டைக்கு எனக்கு நெஞ்சு விறைச்சுப் போச்சு. ஊரில சீருடையைக் கண்டால் வேலிக்குப் பின்னால ஒளிச்ச சனம் நாங்கள். ஆனா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லேல்லை. பிள்ளை ஆசைப்படுறாள்.

இண்டைக்கு எங்கட தோய்க்கிற முறை. கட்டடம் முழுக்க ஒரு மெசின்தான், முறை தப்பினால் பிறகு கிடைக்காது. சந்தோசத்தில வெள்ளையோட சிவப்புச் சொக்ஸையும் சேர்த்துப் போட்டிட்டன். படுக்கை விரிப்பெல்லாம் றோஸ்.

3 மார்ச், ஞாயிறு

மகள் எனக்கு வாத்தியாராகிட்டாள். இந்தக் கன்டோன் எப்ப சுவிஸோட சேர்ந்தது, எங்கட ஊரில எந்தத் திருவிழா எப்ப வரும், வாக்குப்போட எத்தினை வயசு. கன்டோன் எண்டால் இஞ்ச மாகாணம் மாதிரி, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சட்டம். எனக்கு ஒரு சட்டமே தலைக்குள்ள நிக்குதில்லை.

"அம்மா, குப்பை எப்பிடிப் பிரிக்கிறதெண்டும் கேப்பினம்."

"அதை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மேல்வீட்டு மனுசி என்ர பையைக் கிண்டிக் கிண்டிப் பார்த்து எனக்குப் பட்டமே தந்தாச்சு."

சிரிச்சாள். அவள் சிரிச்சு எவ்வளவு காலம். இவர் போனாப்பிறகு இந்த வீட்டில சிரிக்கிறதே களவெடுக்கிற மாதிரி ஆகிட்டுது. பிறகு முகத்தை நீட்டி, "வடிவாப் படியுங்கோ அம்மா, இது விளையாட்டில்லை" எண்டாள். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில மினுக்கி வைச்ச சட்டையளை மடிக்க மடிக்க மலைகளின்ர பேர் சொல்லிக்கொண்டு நிண்டன். கிழவர் ஒராள் திருத்தினார்.

10 மார்ச், ஞாயிறு

அக்கா வந்தவா. அக்கா வீடு ஆத்துக்கு அங்கால. பஸ்ஸில ஏறி இருக்கமுன்னம் பாலம் வந்திடும், பாலத்தைத் தாண்டினால் வேற கன்டோன். சீலை உடுக்கிறதோ காற்சட்டை போடுறதோ எண்டு ஒரு மணித்தியாலம் ஆராய்ச்சி. "சீலை உடுத்தால் இவள் இன்னும் ஊரிலதான் இருக்கிறாள் எண்டு நினைப்பாங்கள்" எண்டது அக்கா. "காற்சட்டை போட்டால் எனக்கு நான் ஆரெண்டே தெரியாமல் போயிடும்" எண்டன். கடைசியில நீலச் சட்டையும் கறுப்புப் பாவாடையும்.

வெளிக்கிடேக்க அக்கா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு மெல்லக் கேட்டா. "நீங்கள் ஆறு மாசம் என்னோட வந்து இருந்ததைப் பற்றி ஏதும் கேட்டால்?"

"அதில கேக்க என்ன கிடக்கு. போனம், வந்தம்."

அக்கா எதையாவது கிளப்பிவிட்டிட்டுத்தான் போவா, சின்ன வயசிலயிருந்து அவவின்ர குணம் அது.

14 மார்ச், வியாழன்

மேசைக்கு அங்கால அஞ்சு பேர். தலைவி கெர்பர் எண்டு ஒரு மனுசி, ரீச்சரா இருந்து ஓய்வெடுத்தவவாம். பக்கத்தில ஒரு பாற்பண்ணைக்காரன், காது ரெண்டும் குளிருக்குச் சிவந்து போய். மற்றாக்களின்ர முகம் ஞாபகம் இல்லை.

முதல் பாதி நல்லாத்தான் போச்சு. ஊரில என்ன பிடிக்கும் எண்டு கேட்டினம், ஆத்தோரம் நடக்கிறது எண்டன். பாற்பண்ணைக்காரன் எந்தச் சீஸ் பிடிக்கும் எண்டு கேட்டான். "மணக்காத சீஸ்" எண்டன். எல்லாரும் சிரிச்சிட்டினம். தர்மிகா பொலிஸில சேரப்போறதைச் சொன்ன உடனே கெர்பர் மனுசி அவளை ஒரு மாதிரிப் பெருமையாப் பார்த்தா, தன்ர பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. இனி என்ன, முடிஞ்சுது எண்டு நான் கைப்பையை மடியில எடுத்து வைச்சிட்டன்.

அப்பதான் மனுசி பைலைத் திருப்பினா.

"திருமதி யோகராசா, விண்ணப்பம் போட்ட பிறகு, அந்த வருச நவம்பரிலயிருந்து அடுத்த மே வரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் எங்கட ஊரில பதிவில்லை. பாலத்துக்கு அங்கால பதிஞ்சிருக்கிறீங்கள்."

ஓம் எண்டன். அதுக்கென்ன எண்ட மாதிரித்தான் இருந்தனான். பிறகு அவ விளங்கப்படுத்த விளங்கப்படுத்தத்தான் எனக்கு விசயம் பிடிபட்டுது. விண்ணப்பம் கிடக்கேக்க கன்டோனை விட்டுப் போனால் விண்ணப்பம் அதோட சரியாம். திரும்பி வந்த நாளிலயிருந்து இதே ஊரில தொடர்ந்து அஞ்சு வருசம் இருந்தபிறகுதான் புதுசாப் போடலாம். கந்தோரில முந்தி இருந்த ஆள் கவனிக்காமல் விட்டிட்டாராம்.

தர்மிகா எழும்பாத குறை. "நான் தொழில் பழகினது இந்த ஊர் மருந்துக்கடையில. கைப்பந்து விளையாடினது இந்த ஊர்க் கழகத்தில. வீட்டு வாடகை ஒரு மாசம் விடாமல் இஞ்ச கட்டினாங்கள். அங்க படுக்க மட்டும்தான் போனனாங்கள்" எண்டு படபடவெண்டு சொன்னாள்.

கெர்பர் மனுசி கண்ணாடியைக் கழட்டினா. அந்த நேரம் அவவின்ர முகத்தில இருந்தது இரக்கம்தான், இப்ப யோசிச்சால் எனக்கு நல்லாத் தெரியுது. "அது சும்மா பதிவு மட்டும்தான், உண்மையில உங்கட சீவியம் இந்த வீட்டிலதான் இருந்தது எண்டால், எங்களுக்கு ஒரு வழி இருக்கு. பிள்ளைக்கு அப்ப பதினெட்டு ஆகேல்லை, அதால தாய்தான் சொல்லவேணும். சொல்லுங்கோ, நீங்கள் இந்த வீட்டிலதானே இருந்தனீங்கள்?"

மேசைக்குக் கீழ தர்மிகா என்ர காலை மிதிச்சாள்.

"இல்லை" எண்டன். "ஒரு நாள்கூட நாங்கள் அந்த வீட்டில இருக்கேல்லை. கதவே திறக்கேல்லை."

பாற்பண்ணைக்காரன் குனிஞ்சு மேசையைப் பார்த்தான்.

என்ன செய்ய, உண்மையைத்தானே சொன்னனான். இந்த நாட்டில பொய் சொல்லக்கூடாதெண்டு இவர் எத்தினை தரம் சொல்லியிருப்பார்.

15 மார்ச், வெள்ளி

கதைக்கிறாளில்லை. இடியப்பம் அவிச்சன். அப்பிடியே கிடக்கு.

17 மார்ச், ஞாயிறு

நாங்கள் ஏன் அங்க போனம் எண்டு இந்தக் கொப்பியில ஒரு நாளும் எழுதேல்லை. எழுதினால் பலிச்சிடும் எண்டு ஒரு பயம். இண்டைக்கு எழுதுறன்.

இவர் போனது ஒரு விடியக்காலமை. வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் குனிஞ்ச ஆள் நிமிரேல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்திட்டு எழும்பிட்டாங்கள். செத்தவீட்டு வேலையெல்லாம் முடியமுன்னமே ஊரிலயிருந்து மச்சாள், இவற்ர தமக்கை, ஃபோன் எடுத்தா. பஞ்சாங்கம் பார்த்தாவாம். பூரட்டாதி. பஞ்சமி.

தெரியாதெண்டு சொல்ல ஏலுமே. சின்ன வயசிலயிருந்து கேட்டு வளர்ந்தது. பஞ்சமி நட்சத்திரம் அஞ்சு, அதில ஒண்டில ஆள் செத்தால் அந்த வீட்டிலயிருந்து இன்னும் அஞ்சு பேரைக் கொண்டுதான் போகும், ஆறு மாசத்துக்கு வீட்டைப் பூட்டிப்போட்டு வெளியில போகவேணும். ஊரில எங்கட ஒழுங்கையிலயே ஒரு வீடு அப்பிடிப் பூட்டிக் கிடந்தது, நாங்கள் பள்ளிக்கூடம் போகேக்க அதுக்கு முன்னால ஓடித்தான் கடப்பம்.

எங்கட வீட்டில மிச்சம் இருந்ததே ரெண்டு பேர். நான் என்னைப் பற்றி யோசிக்கேல்லை. வீட்டுக்குள்ள நடந்து திரியிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தன். படி இறங்கினால் பயம், சைக்கிள் எடுத்தால் பயம், இருமினால் பயம். கூட்டிக்கொண்டு அக்கா வீட்டை போயிட்டன்.

"பேரும் அந்த வீட்டில இருக்கப்படாது" எண்டவா மச்சாள். கதவு மணிக்குப் பக்கத்தில இருந்த பேரைக் கழட்டினன். தபால்பெட்டியில ஒட்டினதைச் சுரண்டினன். அப்பவும் எனக்கு ஆறேல்லை. ஊர்ச்சபையில எங்கட பேர் அந்த விலாசத்திலதானே கிடக்கு, அதுவும் பேர்தானே. கந்தோருக்குப் போய் அதையும் எடுத்து அக்கா வீட்டில பதிஞ்சன். "பதிவை எடுக்காதீங்கோ அம்மா, விண்ணப்பம் கிடக்கு" எண்டு தர்மிகா அப்ப சொன்னவள். உனக்கொண்டும் தெரியாது, வாயை மூடு எண்டன்.

ஆறு மாசமும் ஒண்டும் நடக்கேல்லை. சாந்தி செய்து, மாவிலைத் தண்ணி தெளிச்சு, திரும்ப வந்தம். பிள்ளையைக் காப்பாத்திட்டன் எண்டு நான் உள்ளுக்குள்ள எவ்வளவு பெருமைப்பட்டனான். கொஞ்ச நஞ்சமில்லை.

21 மார்ச், வியாழன்

கெர்பர் மனுசி ஃபோன் எடுத்தா. அண்டைக்கு நான் பதறிப்போய்ச் சொல்லியிருக்கலாம் எண்டு குழு நினைக்குதாம். ஏப்ரல் பதினைஞ்சுக்குள்ள நான் கந்தோருக்கு வந்து, எங்கட சீவியம் இந்த வீட்டிலதான் இருந்ததெண்டு எழுத்தில குடுத்து, அவையின்ர கண்ணுக்கு முன்னால கையெழுத்து வைச்சால் திரும்ப எடுத்துப் பார்ப்பினமாம்.

தர்மிகா மருந்துக்கடை முதலாளியிட்டை ஒரு கடிதம், கழகத்திலயிருந்து ஒண்டு, வாடகைத் துண்டுகள் எல்லாம் ஒரே நாளில சேர்த்திட்டாள். நான் குடுக்கவேண்டியதையும் அவளே ஜேர்மனில எழுதி, பக்கத்தில இருந்து தமிழில சொன்னாள்.

"நானும் என்ர மகளும் அந்த ஆறு மாசமும் எங்கட வீட்டிலதான் வாழ்ந்தனாங்கள். அவ்வளவுதான் அம்மா. ஒரு கையெழுத்து."

வைக்கிறன் எண்டன். அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான் நான் சமைச்சதைச் சாப்பிட்டவள்.

24 மார்ச், ஞாயிறு

கோயில் ஐயரோட ஃபோனில கதைச்சன். "சாந்தி செய்தாச்சு அம்மா. எல்லாம் முடிஞ்ச கதை" எண்டார்.

"அப்ப அந்த ஆறு மாசமும் நாங்கள் அந்த வீட்டிலதான் இருந்தம் எண்டு இப்ப எழுதிக் குடுத்தால்?"

"எழுதினால் என்ன அம்மா, எழுத்துத்தானே" எண்டார். ஆனா உடனே சொல்லேல்லை. கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தான் சொன்னவர். ஏன் யோசிச்சவர்?

மச்சாளிட்டையும் கேட்டன். கேட்டிருக்கக்கூடாது. "உனக்கென்ன விசரே? தப்பி வந்த பிள்ளையை நீயே உன்ர கையால திருப்பி உள்ள விடப்போறியோ?"

4 ஏப்ரல், வியாழன்

ஈஸ்டர் லீவெண்டு கந்தோர் பூட்டு. பிறகு வேலையில ஒரே ஆள் பற்றாக்குறை. நேற்று மழை. ஒவ்வொரு பின்னேரமும் கதவைத் திறக்கேக்கயே "போனனீங்களோ?" எண்டுதான் வாறாள். நாளைக்கு எண்டு சொல்லிச் சொல்லி எனக்கே என்னில வெறுப்பு வந்திட்டுது.

9 ஏப்ரல், செவ்வாய்

தர்மிகா சைக்கிளால விழுந்து முழங்காலில உரசல். பெரிசா ஒண்டுமில்லை. ரம் வண்டித் தண்டவாளத்தில சில்லுச் சறுக்கினதாம். பஞ்சு வைச்சு மருந்து போட்டன். "சின்னக் காயம் அம்மா, இன்னும் எத்தினை தரம் துடைக்கப்போறீங்கள்?" எண்டு என்னைப் பார்த்தாள்.

11 ஏப்ரல், வியாழன்

போயிட்டு வந்திட்டன். கையெழுத்தும் வைச்சாச்சு.

வேலை இடைவேளையில தனியத்தான் போனனான். கவுண்டரில இருந்த பெட்டை கடதாசியை எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டினாள். அது சட்டமாம். "நானும் என்ர மகள் தர்மிகாவும் அந்த ஆறு மாசமும் இந்த வீட்டிலதான் வாழ்ந்தனாங்கள்." அவளின்ர வாயால பிள்ளையின்ர பேரைக் கேட்ட உடனே பேனையைக் கீழ வைச்சிட்டன். ஒரு இடத்தில மாத்தவேணும் எண்டன்.

"மகள் இருக்கேல்லை. அவள் பாலத்துக்கு அங்கால பெரியம்மாவோட. இந்த வீட்டில இருந்தது நான் மட்டும்தான்."

"பதினேழு வயசுப் பிள்ளையை அங்க விட்டிட்டு நீங்கள் இஞ்ச தனியவோ?"

"ஓம்."

"நிச்சயமாச் சொல்லுறீங்களோ, திருமதி யோகராசா?"

நிச்சயம் எண்டன். புதுசா அடிச்சு எடுத்துத் தந்தாள். வைச்சன். பொய்தான். பரவாயில்லை. வாறதெண்டால் என்னட்டை வரட்டும், விலாசம் சரியாக் குடுத்திருக்கிறன்.

பாஸ்போட்டுக்கு இது காணும். பிள்ளை என்ர பேருக்குக் கீழதானே. விசா, காப்புறுதி, எல்லாம் அப்பிடித்தானே அவளுக்கு வந்தது. தாய்க்குக் கிடைச்சால் பிள்ளைக்கும்தான்.

14 ஏப்ரல், ஞாயிறு

வருசப்பிறப்பு. அக்கா அத்தானெல்லாம் வந்தவை. பொங்கல், வடை, பாயாசம். "அம்மா கையெழுத்து வைச்சிட்டா" எண்டு தர்மிகா எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் திரிஞ்சாள். அத்தான் அவளுக்குச் சல்யூட் அடிச்சுக் காட்டினார். என்ர கன்னத்தில ஒரு கொஞ்சல் தந்து, "பயந்து போயிருந்தனான் அம்மா, நீங்கள் வைக்க மாட்டியள் எண்டு" எண்டாள்.

நான் பாயாசத்துக்குச் சீனி காணுமோ எண்டு பார்க்கப் போயிட்டன்.

18 ஜூன், செவ்வாய்

ரெண்டு கடிதம் வந்தது. எனக்கொண்டு, அவளுக்கொண்டு. பதினெட்டு வயசு முடிஞ்ச அண்டைக்கே அவளின்ர பைல் வேறையா என்ர பைல் வேறையாப் பிரிஞ்சிட்டுதாம். எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லேல்லை. இல்லை, தர்மிகா எப்பவோ ஒருக்காச் சொன்னவள் எண்டு நினைக்கிறன், நான் காதில வாங்கேல்லை.

எனக்கு ஓம். அவளுக்கு இல்லை.

தாயின்ர கையெழுத்துப்படி விண்ணப்பகாரி குறிப்பிட்ட காலத்தில வேறு கன்டோனில் வசித்துள்ளார். அந்த வரியை மூண்டு தரம் வாசிச்சாள். சத்தம் போட்டு வாசிச்சாள்.

"என்னம்மா இது?"

"பிழையா எழுதிப்போட்டாங்கள்."

"அம்மா."

"அந்தப் பெட்டை பிழையா அடிச்சுப்போட்டாள் எண்டுறன்."

பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டை போயிட்டாள். போகேக்க கதவைக்கூட அடிச்சுச் சாத்தேல்லை. சாத்தியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

21 ஜூன், வெள்ளி

திரும்பி வந்திட்டாள். வந்து குளிச்சு, வேலைக்குப் போயிட்டாள். பொலிஸுக்குப் போகவிடாமல் நான் வேணுமெண்டு செய்தனான் எண்டு நினைக்கிறாளாம். அக்காதான் சொன்னவா. "இல்லையெண்டு நீ அவளிட்டைச் சொல்லனடி" எண்டு அக்கா பேசினா.

எப்பிடிச் சொல்லுறது. ஏன் எழுதினனான் எண்டு சொன்னால் விசரி எண்டுவாள். சொல்லாட்டி பாவி எண்டுவாள். ஒரு பக்கத்தில, அவள் அந்தச் சீருடையைப் போடமாட்டாள் எண்டு நினைக்கேக்க நெஞ்சுக்குள்ள ஒரு மூலையில எப்பன் பாரம் இறங்கினதும் உண்மை. அந்த மூலையை வெட்டி எறியவேணும் போல கிடக்கு.

2 ஜூலை, செவ்வாய்

கெர்பர் மனுசியைப் பார்க்கப் போனன். நேரம் எடுக்காமல், வேலை உடுப்போட. கடதாசியில சொன்னது பொய், பிள்ளையும் என்னோடதான் இருந்தவள், திருத்தி எழுதுங்கோ எண்டன்.

"முதல் நாள் ரெண்டு பேரும் அங்க எண்டு சொன்னீங்கள். பிறகு நீங்கள் இஞ்ச, மகள் அங்க எண்டு கையெழுத்து வைச்சீங்கள். இப்ப ரெண்டு பேரும் இஞ்ச எண்டுறீங்கள். நாங்கள் எதை நம்புறது?"

"அப்ப என்ரயைப் பிள்ளைக்குக் குடுங்கோ. எனக்கு வேண்டாம். நான் அதை வைச்சு என்ன செய்ய?"

"அது கை மாத்திக் குடுக்கிற சாமான் இல்லை. ரெண்டு முடிவும் எழுத்தில போயாச்சு, இனி ஒண்டையும் மாத்த ஏலாது."

எனக்கு ஆத்தாமல் போச்சு. இவர் சப்பாத்துப் போடக் குனிஞ்சதிலயிருந்து எல்லாத்தையும் கொட்டினன், என்ர அரைகுறை ஜேர்மனில. பஞ்சமிக்கு என்ன சொல் எண்டு தெரியாமல் கெட்ட நாள், கெட்ட நாள் எண்டே சொன்னன். மனுசி சிரிக்கேல்லை. தான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க, ஆள் செத்த உடனே ஜன்னலைத் திறந்துவிடுவினமாம், ஆத்துமா வெளியில போகட்டும் எண்டு. தகப்பன் செத்த அண்டைக்கு, நல்ல பனிக்காலம், தாய் ஜன்னலைப் பூட்டவே விடேல்லையாம்.

"இதை நீங்கள் அண்டைக்கு அந்த மேசையில சொல்லியிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்கும்" எண்டா. "ரெண்டு பேருக்கும் அப்பவே கையுயர்த்தியிருப்பம்."

அவ அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நிக்காமல் நடந்தே வந்தன்.

5 செப்டம்பர், வியாழன்

பொலிஸ் பள்ளிக்கூடத்துக்கு அவளே கடிதம் எழுதிட்டாள். இடத்தை விடுறாளாம். முத்திரை இருக்கோ அம்மா எண்டு கேட்டாள். எடுத்துக் குடுத்தன்.

6 ஒக்டோபர், ஞாயிறு

அவள் இந்த ஊரை விட்டு அசையக்கூடாது. வேற ஊரில நல்ல சம்பளத்துக்கு ஒரு மருந்துக்கடை கூப்பிட்டவையாம், போகேல்லையாம். போனால் அஞ்சு வருசம் திரும்ப முதலிலயிருந்து. சிநேகிதப் பெட்டையளோட வேற வீடு எடுத்து இருக்கிற ஆசையும் இருந்தது, அந்த வீடும் பாலத்துக்கு அங்கால. எல்லாத்தையும் ஒரு குரலில, சாப்பிட்டுக்கொண்டு சொன்னாள். என்னில கோபமெண்டு காட்டினால் நான் திருப்பி ஏதும் சொல்லலாம். அவள் மரியாதையாக் கதைக்கிறாள், கறி நல்லா இருக்கு எண்டுறாள்.

12 டிசம்பர், வியாழன்

இண்டைக்குப் புதுக் குடிமக்களுக்கு வரவேற்பு. போகமாட்டன் எண்டுதான் இருந்தனான். "போகத்தான் வேணும் அம்மா, அப்பா ஆசைப்பட்டது" எண்டு தர்மிகாதான் சீலையை எடுத்து வைச்சாள். பிளீட்ஸும் அவளே பிடிச்சுவிட்டாள்.

என்ர பேரைக் கூப்பிட்டினம். மேடையில ஒரு பூவும் ஊரைப் பற்றின ஒரு புத்தகமும் தந்தினம். கெர்பர் மனுசி கையைப் பிடிச்சு விடாமல் கொஞ்ச நேரம் வைச்சிருந்தா. கீழ பார்த்தன், விருந்தாளியளின்ர கதிரையில இருந்து தர்மிகா கைதட்டிக்கொண்டு இருந்தாள். நடிக்கேல்லை. உண்மையாத்தான் தட்டினாள். இந்த மேடைக்கு வரவேண்டிய பிள்ளை.

வீட்டை வந்து, சீலையையும் மாத்தாமல் குசினிக் கதிரையில இருந்திட்டன். அவள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து முன்னால வைச்சாள். அப்ப சொன்னன். பொலிஸ் வேலையை மறிக்கச் செய்யேல்லை எண்டு. பேரைக் கழட்டினதிலயிருந்து, கவுண்டரில அந்தப் பெட்டை அவளின்ர பேரை வாசிக்கேக்க எனக்கு என்ன நடந்தது எண்டது வரைக்கும் ஒண்டும் மறைக்கேல்லை. அந்த வீட்டில நீ இருந்தனி எண்டு என்ர கையால எழுத எனக்கு ஏலேல்லை, என்ர பேர் மட்டும் கிடக்கட்டும், வாறது என்னைக் கொண்டு போகட்டும் எண்டுதான் எழுதினனான் எண்டன். சிரிப்பாள் எண்டு நினைச்சன். இல்லாட்டி கத்துவாள் எண்டு.

கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைச்சாள்.

"அப்ப நீங்கள் சாகிறதெண்டால் பரவாயில்லையோ?"

"நீ நல்லா இருந்தால் காணும்."

"அப்பா போயிட்டார். நீங்களும் போயிட்டால் நான் ஆரோட இருக்கிறது அம்மா? அதை யோசிச்சனீங்களோ?"

அழுதாள். செத்தவீட்டில அழாத பிள்ளை. நான் எழும்பிப் போய்த் தலையைப் பிடிச்சு வயித்தோட அணைச்சன், சின்னனில பிடிக்கிற மாதிரி. வாயால ஏதோ சொன்னன், ஓம் யோசிச்சனான் எண்டு சொன்னன் போல கிடக்கு.

யோசிக்கேல்லை. ரெண்டு வருசமா ராப்பகலா இதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன், அதை மட்டும் நான் ஒருக்காலும் யோசிக்கேல்லை.